உங்களுக்குத் தெரியுமா? – வீட்டுக் குட்டி நாயும் அதன் ஈரலும்

கோவையில் அடுக்குமாடிகள் கூடக் கூட வீட்டு நாயின் அளவும் சிறுத்துக்கொண்டே வருகிறது. ஒரு காலத்தில் ராஜபாளையமும் அல்சேஷனும் படுத்துக் கிடந்த திண்ணைகளில் இன்றைக்கு ஷிட்சு, பக், பொமரேனியன், டாஷண்ட். மூணு கிலோ, நாலு கிலோ எடையில் ஒரு ஜீவன், அந்த வீட்டுக்கே கடைக்குட்டி. அந்தக் கடைக்குட்டிக்குக் கல்லீரல் கெட்டுவிட்டது என்று ரிப்போர்ட் வந்ததும், "ஈரல் போயிருச்சுங்க, இனி என்ன பண்றது?" என்று உடைந்துபோகிறவர்கள் நிறையப் பேர். பண்ண நிறைய இருக்கிறது. பாதி வேலை மருத்துவருடையது. மீதிப் பாதி நம் வீட்டு அடுப்படியில் நடக்கிறது.

✦

நாயின் கல்லீரல் அதன் உடல் எடையில் 3 முதல் 4 சதவீதம் இருக்கும். நாலு கிலோ நாய்க்குக் கணக்குப் போட்டால் 120 முதல் 160 கிராம். புரதம் செய்வது, சர்க்கரையைச் சேமிப்பது, நஞ்சை முறிப்பது, பித்தம் சுரப்பது, ரத்தம் உறையத் தேவையான பொருள்களை உண்டாக்குவது என எல்லாமே அந்தக் கைப்பிடிச் சதையின் வேலை. நல்ல நிலையில் இருக்கும் ஈரலில் முக்கால் பங்கு போனாலும் மிச்சம் இருப்பதை வைத்து அது சமாளித்துவிடும், வளர்ந்தும்விடும். இந்தத் தாங்கும் சக்தியே வினையாகவும் முடிகிறது. பெரும்பகுதி பழுதான பிறகுதான் வெளியே அடையாளம் தெரிகிறது. "நேத்து வரைக்கும் நல்லாத்தாங்க இருந்துச்சு" என்று எல்லாரும் சொல்வது பொய்யில்லை. நாய் அப்படித்தான் காட்டியிருக்கும்.

✦

சின்ன இன நாய்களுக்குப் பிறவியிலேயே வரும் ஒரு ஈரல் கோளாறு உண்டு. குடலிலிருந்து கிளம்பும் ரத்தம் முழுவதும் போர்ட்டல் சிரை என்ற பெரிய குழாய் வழியாக முதலில் ஈரலுக்குள் போய்ச் சுத்தமாக வேண்டும். சில குட்டிகளுக்கு அந்தக் குழாயிலிருந்து ஒரு குறுக்கு வழி பிரிந்து, ஊருக்குள் நுழையாமல் பைபாஸில் போகிற லாரி மாதிரி, ரத்தத்தை நேராகப் பெரிய சிரையில் கொண்டு சேர்த்துவிடும். டாக்டர்கள் இதை 'ஷன்ட்' என்பார்கள். யார்க்‌ஷயர் டெரியர், மால்டீஸ், ஷிட்சு, பக், டாஷண்ட், மினியேச்சர் ஷ்னாசர் போன்ற சின்ன இனங்களில் இந்தக் குழாய் பெரும்பாலும் ஈரலுக்கு வெளியே இருக்கும். லேப்ரடார் போன்ற பெரிய இனங்களில் ஈரலுக்கு உள்ளேயே இருக்கும். வெளியே இருந்தால் அறுவை சிகிச்சை செய்வது எளிது. இந்த விஷயத்தில் சின்ன நாய்களுக்குக் கொஞ்சம் அதிர்ஷ்டம் உண்டு.

✦

2003-ல் ஹட்ச் செல்போன் விளம்பரத்தில் ஒரு சிறுவன் பின்னாலேயே ஒரு பக் நடந்து போனது நினைவிருக்கிறதா? அதன் பிறகு நாடு முழுக்கப் பக் குட்டிகளுக்குக் கிராக்கி ஏறியது. தேவை ஏறும்போது தாய் தகப்பன் யாரென்று பார்க்காமல் குட்டி போட வைக்கும் வியாபாரமும் ஏறும். ஷன்ட் சில இனங்களில் பரம்பரையாக வருவதாக அறியப்பட்ட நோய். குட்டி வாங்கப் போகிறவர்கள் அதன் கூடப் பிறந்தவற்றையும் பார்த்துவிட்டு வர வேண்டும். கூட்டத்தில் ரொம்பச் சிறிதாக, மந்தமாக ஒன்று இருந்தால் "பாவம், அதையே எடுத்துக்கலாம்" என்று தாராளமாக எடுத்து வாருங்கள். வந்த முதல் வாரத்திலேயே ரத்தப் பரிசோதனை செய்துவிடுங்கள்.

✦

இதைக் கவனித்திருக்கிறீர்களா? ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கறிச்சோறு தின்ற குட்டி, ஒரு மணி நேரம் கழித்து எழுந்து, கூடத்தின் மூலைக்குப் போய்ச் சுவரில் நெற்றியை வைத்து அழுத்திக்கொண்டு நிற்கும். கூப்பிட்டால் திரும்பாது. பிறகு ஒரே பக்கமாகச் சுற்றிச் சுற்றி நடக்கும், சோபாக் காலில் முட்டும், கண் எங்கேயோ வெறிக்கும். சாயங்காலத்துக்குள் பழைய மாதிரி ஆகிவிடும். வீட்டில் கண்ணு பட்டிருச்சு என்று உப்பு சுற்றிப் போடுவார்கள். தானாகச் சரியாவதால் உப்பு வேலை செய்தது போலவும் தோன்றும். உண்மையில் அது கறியின் புரதத்திலிருந்து உண்டாகி, ஈரல் வடிகட்டாமல் விட்ட அம்மோனியா மூளைக்கு ஏறி இறங்கியதன் அடையாளம். மறுபடி நடந்தால் செல்போனில் வீடியோ எடுத்துக்கொள்ளுங்கள். நீங்கள் வாயால் பத்து நிமிடம் விளக்குவதைவிட அந்த அரை நிமிட வீடியோ மருத்துவருக்கு அதிகம் சொல்லும்.

✦

கறி தின்ற பிறகு மயங்குவது ஈரலால்தான் என்று உலகத்துக்குக் காட்டியதும் நாய்கள்தான். 1877-ல் ரஷ்யாவின் நிகோலாய் எக், போர்ட்டல் சிரையை ஈரலுக்குப் போகவிடாமல் நேராகப் பெரிய சிரையோடு இணைக்கும் அறுவையை நாய்களில் செய்தார். 1893-ல் பாவ்லோவும் அவருடைய கூட்டாளிகளும் அதே முறையில் அறுவை செய்த நாய்களுக்கு இறைச்சி கொடுத்தபோது அவை தள்ளாடின, பார்வை மங்கின, வலிப்பு வந்து விழுந்தன. மணியோசைக்கு எச்சில் ஊறிய நாய்களை வைத்து நாம் பாடத்தில் படித்த அதே பாவ்லோவ்தான். அந்த நாய்களுக்குச் செயற்கையாகச் செய்ததுதான் நம் வீட்டுக் குட்டிக்குப் பிறவியிலேயே அமைந்திருக்கிறது.

✦

மலச்சிக்கலுக்கு மெடிக்கல் ஷாப்பில் கிடைக்கும் லாக்டுலோஸ் சிரப்தான் இந்த நாய்களுக்கு உயிர் மருந்து. பால் சர்க்கரையிலிருந்து செய்யப்படும் இந்தப் பாகு செரிக்காமல் பெருங்குடல் வரை போகும். அங்கே பாக்டீரியாக்கள் அதைத் தின்று புளிப்பாக்கும். புளிப்பான இடத்தில் அம்மோனியா ரத்தத்துக்குள் போக முடியாத வடிவத்துக்கு மாறி மலத்தோடு வெளியேறிவிடும். அளவை மருத்துவர் தொடங்கித் தருவார். அதைச் சரிபார்ப்பது வீட்டில் இருப்பவர் கண். நாளைக்கு இரண்டு மூன்று முறை, இளகலாக, ஆனால் தண்ணீராக இல்லாமல் போனால் அளவு சரி. தண்ணீராகப் போனால் அளவு கூடிவிட்டது என்று அர்த்தம். உடம்பில் நீர் வற்றினாலும் பொட்டாசியம் குறைந்தாலும் அம்மோனியா தொல்லை இன்னும் கூடும் என்பதால் அன்றைக்கே மருத்துவரிடம் சொல்லிக் குறைக்க வேண்டும்.

✦

அப்படியானால், அம்மோனியாவுக்கு மூலமான புரதத்தையே நிறுத்திவிடலாமா? கூடவே கூடாது. ஈரல் நோயாளி நாய்க்கு வெறும் அரிசிக் கஞ்சியாக ஊற்றி எலும்பும் தோலுமாக்கிவிடுவது அன்பினால் நடக்கும் பெரிய தவறு. ஈரலுக்கு அடுத்தபடி அம்மோனியாவைப் பிடித்து முறிக்கும் இடம் தசை. தசை கரைந்தால் அந்தக் காவலும் போய்விடும். புரதத்தின் அளவைவிட அது எதிலிருந்து வருகிறது என்பதுதான் முக்கியம். ஆட்டுக்கறி, மாட்டுக்கறியைவிடத் தயிர், பன்னீர், முட்டை, சோயா, பருப்பு ஆகியவற்றின் புரதத்தை இந்த நாய்கள் நன்றாகத் தாங்குகின்றன. எவ்வளவு என்பதை அம்மோனியாவும் ஆல்புமினும் பார்த்து மருத்துவர் முடிவு செய்வார். மயக்க அறிகுறியே இல்லாத ஈரல் நோயாளிக்குப் புரதத்தைக் குறைக்க வேண்டிய அவசியமே பல சமயம் இருக்காது.

✦

நம்ம ஊர் அரிசியும் பருப்பும் சாதம் இந்த நாய்களுக்குக் கிட்டத்தட்டப் பொருத்தமான சாப்பாடு. ஆனால் ஒரு இடத்தில் அது விஷமாகிவிடுகிறது. வாணலியில் கடுகு வெடித்ததும் நாம் அள்ளிப் போடும் சின்ன வெங்காயமும் பூண்டும்தான் அந்த இடம். நாயின் சிவப்பணுக்களை வெங்காயம் உடைத்துவிடும். உடைந்த அணுவிலிருந்து கிளம்பும் மஞ்சள் நிறப் பொருளைக் கழுவித் தள்ள வேண்டியது ஏற்கெனவே நோய்ப்பட்ட அந்த ஈரல்தான். உடல் எடையில் 0.5 சதவீத அளவு வெங்காயமே நாயைப் பாதிக்கப் போதும். நாலு கிலோ நாய்க்கு அது 20 கிராம், நாலைந்து சின்ன வெங்காயம். வெந்தாலும் வதங்கினாலும் அந்த விஷம் போகாது. ஆகவே குட்டிக்கு உரியதை முன்கூட்டியே தனியாக எடுத்துவிடுங்கள். அரிசியையும் துவரம் பருப்பையும் மஞ்சள்தூள் சிட்டிகை போட்டு, உப்பில்லாமல், குழைய வேகவைத்து ஒரு கிண்ணத்தில் எடுத்து வைத்த பிறகு மற்றவர்களுக்குத் தாளியுங்கள். ஆறியதும் கொஞ்சம் வேகவைத்த முட்டை உதிர்த்துப் போட்டால் போதும்.

✦

சிறு நாய் ஈரலில் சேமிக்கும் சர்க்கரை கொஞ்சம். ஈரல் கெட்டால் அந்தச் சேமிப்பும் இல்லை. ராத்திரி எட்டு மணிக்குச் சாப்பிட்டுவிட்டுக் காலை வரை வயிறு காய்ந்தால் விடியற்காலையில் நடுங்கித் துவண்டு கிடக்கும். ஒரு நாள் சாப்பாட்டை நாலைந்தாகப் பிரித்துக் கொடுங்கள், கடைசி வேளையைப் படுக்கப் போகும் நேரத்தில் வையுங்கள். துவண்டிருந்தால், விழுங்கும் நினைவு இருக்கும்போது, ஈறில் கொஞ்சம் தேன் தடவிவிட்டு உடனே மருத்துவமனைக்குக் கிளம்ப வேண்டும்.

✦

"ஈரலுக்கு ஈரல் குடுத்தா நல்லதுங்களே" என்று கறிக்கடைக்காரரே ஆட்டு ஈரலைப் பொட்டலம் கட்டித் தருவார். நல்ல மனசுதான், ஆனால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். ஈரலில் தாமிரம் செறிந்து கிடக்கிறது. நோய்ப்பட்ட நாயின் ஈரல் பித்தத்தின் வழியாகத் தாமிரத்தை வெளியேற்றத் திணறும். சேர்ந்த தாமிரம் ஈரல் செல்களையே அரிக்கும். பெட்லிங்டன் டெரியர் என்ற இனத்தில் இது பரம்பரை நோய். அதற்குக் காரணமான காம்டி1 என்ற மரபணுப் பிழையை 2002-ல் கண்டுபிடித்தார்கள். நம் ஊரில் அதிகம் வளரும் லேப்ரடாருக்கும் இந்தத் தாமிரத் தொல்லை வருகிறது. தாமிரம் சேர்ந்திருப்பதாகச் சொல்லப்பட்ட நாய்க்கு வீட்டுச் செப்புக் குடத்துத் தண்ணீரையும் ஊற்றாதீர்கள். சில்வர் கிண்ணத்தில் வேறு தண்ணீர் வையுங்கள்.

✦

தோட்டத்துச் சாளை வைத்திருப்பவர்கள் இதைக் கட்டாயம் படிக்க வேண்டும். மழையில் நனைந்து பூசணம் பிடித்த நிலக்கடலை, மக்காச்சோளம், கடலைப் புண்ணாக்கு, கொப்பரை ஆகியவற்றில் அஃப்லாடாக்சின் என்ற நஞ்சு உண்டாகிறது. ஈரலைத் தாக்கும் நஞ்சுகளில் இது மிகக் கொடியது. 1960-ல் இங்கிலாந்தில் ஒரு லட்சம் வான்கோழிகள் செத்து விழுந்தபோதுதான், தீவனத்தில் கலந்த கடலைப் புண்ணாக்கிலிருந்து இது கண்டுபிடிக்கப்பட்டது. 1974-ல் குஜராத், ராஜஸ்தான் எல்லைக் கிராமங்களில் நனைந்த மக்காச்சோளத்தைத் தின்று மஞ்சள் காமாலையும் வயிற்று வீக்கமும் வந்து 100-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அந்த வீடுகளில் அதே சோற்றைத் தின்ற நாய்களுக்கும் அதே நோய் வந்தது. நாய்த் தீவன மூட்டைகளிலும் இது புகுந்திருக்கிறது. 2005 கடைசியிலும் 2020 கடைசியிலும் அமெரிக்காவில் பாக்கெட் தீவனம் தின்ற நாய்கள் கூட்டமாக இறந்து, தீவனங்கள் திரும்பப் பெறப்பட்டன.

உடுமலை, பல்லடம், தாராபுரம் பக்கம் மக்காச்சோளம், காங்கேயத்தில் கொப்பரை, நாமக்கல்லில் கோழித் தீவனம் என நம் மண்ணின் பிழைப்பே இந்தப் பொருள்களைச் சுற்றித்தான். நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி வளாகத்தில் தீவனத்தைச் சோதித்துச் சொல்லும் ஆய்வகமே இருக்கிறது. கோழிக்கும் மாட்டுக்கும் அவ்வளவு எச்சரிக்கை எடுக்கும் நாம், மாட்டுத் தொட்டியை நக்கும் குட்டி நாயை மறந்துவிடுகிறோம். சமைத்தாலும் இந்த நஞ்சு முழுதாகப் போகாது. பாக்கெட் தீவனத்தைச் சில்லறையாகத் திறந்த மூட்டையிலிருந்து வாங்காதீர்கள். வாங்கியதைக் காற்றுப் புகாத டப்பாவில் வையுங்கள். வாடை மாறினால் தூக்கிப் போடுங்கள். மாட்டுக்கும் போடாதீர்கள்.

✦

காய்ச்சலுக்கு நாம் போடும் 650 மில்லிகிராம் பாரசிட்டமால் ஒரு மாத்திரை, நாலு கிலோ நாய்க்குக் கிலோவுக்கு 160 மில்லிகிராமுக்கு மேல் போகும். கிலோவுக்கு 100 மில்லிகிராமைத் தாண்டினாலே நல்ல ஈரலுக்கும் ஆபத்து. ஏற்கெனவே கெட்ட ஈரல் எப்படித் தாங்கும்? உடம்பு சுடுகிறது என்று பாதி மாத்திரை உடைத்துப் போடும் பழக்கத்தை இன்றோடு விட்டுவிடுங்கள்.

✦

சர்க்கரை இல்லாத சூயிங்கம், சில சுகர் ஃப்ரீ இனிப்புகளில் இருக்கும் சைலிட்டால் நமக்கு ஒன்றும் செய்யாது. நாய்க்கு முதலில் ரத்தச் சர்க்கரையை விழவைக்கும், அளவு கூடினால் ஈரலையே செயலிழக்கச் செய்யும். அதே போல வீட்டு முகப்பில் அழகுக்கு வைக்கும் சைகஸ் செடி. பனங்குருத்து மாதிரி விரிந்து நிற்கும் அதன் எல்லாப் பகுதியும் விஷம், விதை எல்லாவற்றையும்விடக் கொடியது. ஒன்றிரண்டு விதையைக் கடித்தாலே நாய் இறக்கக்கூடும். குட்டி வளரும் வீட்டில் அந்தத் தொட்டி வேண்டாம்.

✦

மஞ்சக்காமாலை என்றதும் நம் கை கீழாநெல்லியைத் தேடுகிறது. அதில் அர்த்தம் இல்லாமல் இல்லை. சென்னைப் பல்கலைக்கழகத்தின் எஸ்.பி. தியாகராஜன், நோபல் பரிசு பெற்ற பாரூக் புளும்பெர்க் ஆகியோர் உள்ளிட்ட குழு 1988-ல் 'லான்செட்' இதழில் ஓர் ஆய்வை வெளியிட்டது. ஹெபடைடிஸ்-பி கிருமியைச் சுமந்திருந்தவர்களில் கீழாநெல்லி சாப்பிட்ட 37 பேரில் 22 பேருக்குக் கிருமியின் அடையாளம் ரத்தத்திலிருந்து மறைந்தது, வெற்றுமருந்து சாப்பிட்ட 23 பேரில் ஒருவருக்குத்தான் மறைந்தது. உலகமே திரும்பிப் பார்த்தது. பிறகு வேறு இடங்களில் நடந்த ஆய்வுகளில் அதே பலன் கிடைக்கவில்லை. நாய் விஷயத்தில் இன்னொன்றும் இருக்கிறது. அந்த ஆய்வு மனிதரைத் தாக்கும் ஒரு வைரஸைப் பற்றியது. ஷன்ட்டுக்கோ, தாமிரம் சேர்ந்த ஈரலுக்கோ, உண்ணிக் காய்ச்சலுக்கோ அதில் பதில் கிடையாது. தோட்டத்தில் பறித்த இலையை அரைத்துப் புகட்டிக் காத்திருக்கும் நாள்களில் நோய் முற்றிவிடுகிறது. கொடுக்க ஆசைப்பட்டால் மருத்துவரிடம் மறைக்காமல் கேளுங்கள்.

✦

நாய் மஞ்சளாகிவிட்டால் ஈரல்தான் குற்றவாளி என்று முடிவு கட்டவும் கூடாது. உண்ணி பரப்பும் பேபீசியா என்ற ஒட்டுண்ணி சிவப்பணுக்களை உடைத்தும் நாயை மஞ்சளாக்கும். அதே உண்ணி பரப்பும் எர்லிக்கியா தட்டணுக்களைக் குறைத்து ஈரல் நொதிகளையும் ஏற்றிவிடும். எலி மூத்திரம் கலந்த மழைத்தண்ணீரில் பரவும் லெப்டோஸ்பைரா ஈரலையும் சிறுநீரகத்தையும் சேர்த்தே தாக்கும். மூன்றுக்கும் மருந்து உண்டு, நேரத்தோடு போனால் பிழைக்கும். லெப்டோ நமக்கும் தொற்றும் என்பதால் அந்த நாயின் சிறுநீரைக் கையுறை போட்டுத்தான் துடைக்க வேண்டும். வருடா வருடம் போடும் ஊசியில் லெப்டோவும் சேர்ந்திருக்கிறதா என்று தடுப்பூசி அட்டையைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

✦

அந்த அட்டையில் ஹெபடைடிஸ் என்று ஒரு பெயரும் இருக்கும். 1947-ல் ஸ்வீடனின் ரூபார்த் விரிவாக விவரித்த, அடினோ வைரஸால் வரும் நாய் ஈரல் அழற்சி அது. மனிதருக்கு வரும் ஹெபடைடிஸுக்கும் இதற்கும் தொடர்பில்லை. பிழைத்த நாய்களில் சிலவற்றுக்குக் கருவிழி நீலம் பூத்துவிடும். இன்றைய தடுப்பூசியில் இருப்பது அந்த வைரஸின் சாதுவான உறவுக்கார வைரஸ். அதைக் கொண்டே இதையும் தடுத்துவிடுகிறார்கள்.

✦

மஞ்சளை எங்கே பார்ப்பது? ஈறு, கண்ணின் வெள்ளை, காது மடலின் உள்பக்கம். காலை வெயிலில் வாசலில் வைத்துப் பாருங்கள். கூடத்து பல்பு வெளிச்சத்தில் எல்லாமே மஞ்சளாகத்தான் தெரியும். சிறுநீர் கட்டஞ்சாயா நிறத்தில் போவதும் மலம் வெளுத்துப் போவதும் உடனே சொல்ல வேண்டிய அடையாளங்கள். பொமரேனியன், ஷ்னாசர் போன்ற இனங்களுக்குப் பித்தப்பையில் பித்தம் கூழாகக் கெட்டித்துப் பை வெடிக்கும் நிலை வரை போவதுண்டு. அதற்கு அவசர அறுவை வேண்டும்.

✦

எஸ்.ஜி.பி.டி நார்மல் என்று வந்தால் ஈரல் நல்லது என்று அர்த்தமாகாது. அந்த நொதி செல் உடையும்போது கசிவது. ஷன்ட் உள்ள நாயிலும், உடைய செல்லே மிச்சமில்லாமல் சுருங்கிப்போன ஈரலிலும் அது அமைதியாகவே இருக்கலாம். ஈரல் வேலை செய்கிறதா என்று சொல்வது பித்த அமிலப் பரிசோதனை. வெறும் வயிற்றில் ஒருமுறை, சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து ஒருமுறை ரத்தம் எடுப்பார்கள். இதற்கு நேர் எதிராக, ஏ.எல்.பி என்ற இன்னொரு நொதி எகிறியிருந்தாலும் பயந்துவிட வேண்டாம். அரிப்புக்குப் போட்ட ஸ்டீராய்டு ஊசியே நாய்களில் அதை ஏற்றிவிடும். வயதான சின்ன நாய் நிறையத் தண்ணீர் குடித்து வயிறு தொங்கினால் அது குஷிங் என்ற ஹார்மோன் நோயாகவும் இருக்கலாம். ரிப்போர்ட்டை இணையத்தில் தேடிப் படித்துவிட்டுத் தூக்கம் கெடுவதற்குப் பதில், முன்பு போட்ட ஊசி மாத்திரை எல்லாவற்றையும் எழுதிக் கொண்டு போய் மருத்துவரிடம் காட்டுங்கள்.

✦

குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷனுக்குக் கொடுத்த மயக்க மருந்திலிருந்து வெகுநேரம் எழவே இல்லை என்பதுதான் சில குட்டிகளில் ஷன்ட்டின் முதல் தடயம். வலிப்பு என்று வருடக்கணக்கில் ஃபீனோபார்பிட்டால் சாப்பிட்ட நாய்க்குக் கடைசியில் ஈரல்தான் காரணம் என்று தெரிவதும் உண்டு. அந்த மருந்தை முறிக்க வேண்டியதே ஈரல்தான், பாரம் இரட்டிப்பாகிவிடும். இன்னும் சில நாய்கள் சிறுநீரில் கல்லோடு வரும். இந்த வகை யூரேட் கல் எக்ஸ்ரேயில் பல சமயம் தெரியாது, ஸ்கேனில்தான் பிடிபடும். ஆண் குட்டி காலைத் தூக்கித் தூக்கி முக்கியும் சொட்டுகூட வராவிட்டால், ராத்திரி என்று பார்க்காமல் கிளம்புங்கள்.

✦

குடல் புழுவுக்கு மருந்து கொடுப்பது ஈரல் நோயாளிக்கு மற்ற நாயைவிட அவசியம். கொக்கிப்புழு கடித்துக் குடலுக்குள் கசியும் ரத்தமும் புரதம்தான். நீங்கள் தட்டில் அளந்து அளந்து போட்டுக்கொண்டிருக்க, உள்ளேயே அது கறிச்சோறு தின்ற கணக்காகிவிடும்.

✦

வயிறு மட்டும் பானையாகி, முதுகெலும்பு துருத்திக்கொண்டிருந்தால் அது கொழுப்பில்லை, நீர். ஆல்புமின் என்ற புரதத்தை உடம்பில் ஈரல் மட்டுமே செய்கிறது. அது குறைந்தால் நீர் ரத்தக் குழாயில் நிற்காமல் வயிற்றுக்குள் இறங்கும். தையல் டேப்பை எடுத்துக் கடைசி விலா எலும்புக்குப் பின்னால் சுற்றி, வாரம் ஒருநாள் ஒரே நேரத்தில், அளந்து நோட்டில் எழுதுங்கள், கூடவே எடையும். பெரியவர்களுக்கு 300 கிராம் ஒன்றுமே இல்லை. நாலு கிலோ நாய்க்கு அது உடம்பில் 7 சதவீதத்துக்கு மேல். பேக்கரி ரஸ்க், சிப்ஸ், அப்பளம், கருவாடு எல்லாவற்றையும் நிறுத்துங்கள். அதில் இருக்கும் உப்பு அவ்வளவும் வயிற்று நீராகத்தான் சேரும்.

✦

ஷன்ட் குழாயை ஒரேயடியாகக் கட்டினால் ஆபத்து. அத்தனை ரத்தத்தையும் திடீரென்று வாங்க அந்தச் சூம்பிய ஈரலால் முடியாது. அதற்காக ஒரு வளையம் கண்டுபிடித்திருக்கிறார்கள். வெளியே உலோகக் கூடு, உள்ளே பாலிலிருந்து எடுத்து இறுக்கிய கேசீன் புரதம். குழாயைச் சுற்றி அதை மாட்டிவிட்டு வயிற்றைத் தைத்துவிடுவார்கள். உடம்பின் ஈரத்தை உறிஞ்சிக் கேசீன் மெல்ல ஊதி, சில வாரங்களில் குழாயை நெரித்து மூடும். அந்த வாரங்களில் ஈரல் வளரத் தொடங்கிவிடும். ஈரலுக்கு வெளியே ஷன்ட் உள்ள சின்ன நாய்களில் பெரும்பாலானவை இந்த அறுவைக்குப் பிறகு நன்றாக வாழ்கின்றன. செலவு எல்லாராலும் தாங்கக்கூடியது இல்லை என்பது தெரிந்ததுதான். அறுவை முடியாத நாய்களும் மருந்தும் பத்தியமுமாக மாதங்கள், சில சமயம் வருடங்கள் வாழ்கின்றன.

✦

பித்தம் நன்றாக ஓடுவதற்கு எழுதித் தரும் உர்சோடியாக்சிகோலிக் அமிலம் முதன்முதலில் கரடியின் பித்தத்தில் கண்டறியப்பட்டது. இப்போது ஆலையில் செய்கிறார்கள், எந்தக் கரடியையும் துன்புறுத்த வேண்டியதில்லை.

✦

மனிதருக்கு நடக்கும் கல்லீரல் மாற்று அறுவைக்கும் நாய்களே முன்னோடி. அமெரிக்காவின் தாமஸ் ஸ்டார்ஸல் 1950-களின் கடைசியிலிருந்து நாய்களில் பழகிப் பழகித்தான் 1963-ல் மனிதருக்கு முதன்முதலில் முயன்றார், 1967-ல் வெற்றி கண்டார். 1998-ல் டெல்லியில் நடந்த இந்தியாவின் முதல் வெற்றிகரமான கல்லீரல் மாற்று அறுவையில் பிழைத்தது காஞ்சிபுரத்துக் குழந்தை. இன்று கோவையிலேயே அந்த அறுவை நடக்கிறது. நாய்க்கு மட்டும் அது இன்னும் கைக்கெட்டவில்லை. அவற்றின் ஈரலைப் பார்த்துப் பார்த்து நாம் கற்றதற்கு, அவற்றுக்கு நோய் வரும்போது ஒழுங்காகப் பார்த்துக்கொள்வது நம் கடன் என்று இதை எழுதுகிறவர் உறுதியாக நம்புகிறார்.

✦

கொங்கு மண்டலத்தில் கால்நடைப் படிப்புக்கு இடம் குறைவில்லை. நாமக்கல் கல்லூரி 1985-லிருந்து இயங்குகிறது. உடுமலையிலும் சேலம் தலைவாசலிலும் 2020-ல் புதிய கல்லூரிகள் வந்தன. கோவை சரவணம்பட்டியில் கால்நடைப் பல்கலைக்கழகத்தின் பயிற்சி ஆராய்ச்சி மையம் இருக்கிறது. உங்கள் வழக்கமான மருத்துவர் ஸ்கேனுக்கோ அறுவைக்கோ வேறு இடம் எழுதித் தந்தால், அவருக்குத் தெரியவில்லை என்று நினைக்காதீர்கள். எழுதித் தருகிறவர்தான் நல்ல மருத்துவர்.

✦

ஈரோட்டில் கல்யாணம், நாலு நாள் வீட்டில் இருக்க மாட்டீர்கள், குட்டியைப் பக்கத்து வீட்டு அக்காவிடம் விடுகிறீர்கள் என்று வையுங்கள். வாயால் சொல்லிவிட்டுப் போகாதீர்கள். ஒரு தாளில் எழுதி ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டுங்கள். லாக்டுலோஸ் எத்தனை மில்லி, எத்தனை வேளை, ஊசி இல்லாத சிரிஞ்சில் கன்னத்தின் ஓரமாக எப்படிப் புகட்டுவது. மாத்திரை சாப்பாட்டுக்கு முன்னா, பின்னா. எத்தனை வேளை சோறு, எந்தக் கிண்ணம். வெங்காயம், கறி, ஈரல், பிஸ்கட், மனிதர் மாத்திரை எதுவும் கூடாது. சுவரில் தலையை முட்டினாலோ, வாந்தியில் ரத்தமோ மலம் கறுப்பாகவோ வந்தாலோ, அரை நாள் சாப்பிடாவிட்டாலோ கூப்பிட வேண்டிய மருத்துவரின் எண். கடைசி ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட் எந்த டிராயரில். "ஒரு வாய் எலும்புதானுங்களே, பாவம், பாத்துக்கிட்டே இருக்குது" என்று அந்த அக்காவுக்கும் மனசு இளகும். ஆகவே தாளின் மேலே பெரிய எழுத்தில் இதையும் எழுதிவிடுங்கள்: எவ்வளவு கெஞ்சினாலும் கறி வேண்டாங்க்கா, தயிர்சாதம் ஒரு வாய் கூட வையுங்க.